தேரி மணலும் டைட்டானியச் சட்டமும்

சைக்கிளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நம் எழுத்தாளர்கள் பெரும்பாலும் குரங்குப் பெடலில் தொடங்கி வாடகைச் சைக்கிள் கடையில் முடித்துவிடுவார்கள். அந்த நினைவுகளின் மேல் எனக்குப் பிணக்கு ஒன்றுமில்லை. ஆனால் சைக்கிள் வெறும் நினைவுப் பொருளாகி நின்றுவிடவில்லை. விடிகாலையில் பாளையங்கோட்டைத் தெருக்களில் தலைக்கவசம் அணிந்து, கியர் வண்டிகளில் கிளம்பும் நடுவயதுக்காரர்களைப் பார்க்கலாம். முதல் வண்டி வாங்கி நாலைந்து வருடம் ஓட்டியவர்களின் பேச்சில் ஏதாவது ஒரு கட்டத்தில் டைட்டானியம் என்ற சொல் வந்துவிடுகிறது. அது சொல்லப்படும் தொனியில் பக்தியின் சாயல் சற்று அதிகமாகவே இருக்கிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்புறம் சுருள்வில் இல்லாத மலைச் சைக்கிளுக்கு, அதாவது ஹார்டெயிலுக்கு, டைட்டானியச் சட்டம் வாங்குவது அறிவீனமல்ல. ஆனால் அதற்காக வழக்கமாகச் சொல்லப்படும் இரண்டு காரணங்களும், எடை குறைவு என்பதும் சொகுசு என்பதும், நம் ஊர்ப் பாதைகளில் பெரிதாகப் பொருட்படுத்தத் தக்கவை அல்ல. அதை வாங்க ஒரே காரணம்தான் உண்டு: அது நீடிக்கும். ஆகவே ஒரு பொருளைத் தன்னோடு நீண்டகாலம் வைத்துக்கொள்ளும் மனம் உள்ளவர் மட்டுமே அதை வாங்க வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை வண்டி மாற்றுபவருக்கு இரும்போ அலுமினியமோ தாராளமாகப் போதும்.

*

உலோகத்துக்கு முன்னால் நிலம். மலைச் சைக்கிள் என்ற பெயரை நம்பி மேற்கே பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. பொதிகை மலை பாளையங்கோட்டையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தொலைவில்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சரிவுகளின் பெரும்பகுதி 1988இல் உருவான களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். அங்கே நினைத்த ஒற்றையடிப் பாதையில் சைக்கிளை இறக்க முடியாது, இறக்கவும் கூடாது. புலிக்கும் சிங்கவால் குரங்குக்கும் ஒதுக்கிய இடத்தில் நம் உடற்பயிற்சிக்கு உரிமை கோருவது நியாயமில்லை.

மிஞ்சுவது எது? நிறையவே மிஞ்சுகிறது. தாமிரபரணியின் அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்களின் கரைகள். குளத்துக் கரைகள். ஆற்றுக்கு வடக்கே போகப்போக விரியும் கரிசல் காட்டு வண்டிப்பாதைகள். தெற்கிலும் கிழக்கிலும் செம்மண்ணும், பனங்காடும், அப்புறம் தேரியும். சாத்தான்குளத்தையும் குதிரைமொழியையும் சுற்றிக் கிடக்கும் அந்தச் செம்மணல் மேடுகளை ஒருமுறை பார்த்தவர் மறப்பதில்லை. காற்று கொண்டுவந்து குவித்த மணல். ஒவ்வொரு பரலின் மேலும் இரும்பு ஆக்சைடின் சிவப்புப் பூச்சு. அதையும் தாண்டினால் உவரியும் மணப்பாடும், உப்புக் காற்று.

இந்த நிலத்தின் குணங்களை வரிசைப்படுத்தினால் நமக்குத் தேவையான சட்டத்தின் உருவம் தானாகவே புலப்படும். பெரிய பாறைப் படிகளில் குதித்து இறங்கும் வாய்ப்பு இங்கே அரிது. ஆகவே பின்பக்க சஸ்பென்ஷன் அவசியமில்லை. அதன் மூட்டுகளுக்குள் தேரிப் பொடி புகுந்து அரைப்பதுதான் மிச்சமாகும். ஐப்பசி மழைக்குப் பின் கரிசலில் இறங்கினால் மண் டயரில் அப்பிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றவிடாது. ஆகவே பின் கவைக்கும் டயருக்கும் நடுவே தாராளமான இடைவெளி வேண்டும். எங்கும் உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும். ஆகவே டியூப் இல்லாத அகன்ற டயரும், அதனுள் துளையைத் தானே அடைத்துக்கொள்ளும் பாலும் வேண்டும். வெயிலைப் பற்றிப் பாளையங்கோட்டைக்காரரிடம் நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று தண்ணீர்க் குப்பிகள் மாட்ட இடமில்லாத சட்டம், எந்த உலோகமானாலும், சித்திரையில் நமக்கு உதவாது.

ஹார்டெயில் என்பது ஏழையின் தேர்வு என்றொரு எண்ணம் இருக்கிறது. மலைச் சைக்கிளின் பிறப்பே அப்படித்தான். 1976இல் கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்தில் சில இளைஞர்கள் பழைய கனத்த வண்டிகளை மலைப்பாதையில் உருட்டிவிட்டுப் பந்தயம் வைத்தார்கள். இறங்குவதற்குள் பின் பிரேக்கின் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். திரும்பவும் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் பந்தயத்துக்கே ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது. மறு ஆண்டு ஜோ பிரீஸ் அந்தப் பாதைக்கென்றே குரோமோலி எஃகில் சட்டங்களைக் கட்டினார். அவற்றில் முன்னும் பின்னும் வில் கிடையாது. நல்ல டயரும் சரியான கோணங்களும் போதும் என்பது அன்றே தெளிவாகிவிட்ட சங்கதி. முன்னே நூறு அல்லது நூற்றிருபது மில்லிமீட்டர் அமுங்கும் ஃபோர்க் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொண்டால் தாமிரபரணிப் படுகை முழுவதற்கும் அது காணும்.

*

இனி உலோகம். விளம்பரங்களை ஒதுக்கிவிட்டு எண்களைப் பார்ப்போம். தண்ணீரைப் போல அலுமினியம் 2.7 மடங்கு கனம், டைட்டானியம் 4.5 மடங்கு, எஃகு 7.8 மடங்கு. விறைப்பிலும் ஏறக்குறைய இதே விகிதம்தான். எஃகின் விறைப்பில் பாதியை ஒட்டியது டைட்டானியம். மூன்றில் ஒரு பங்கை ஒட்டியது அலுமினியம். ஆகவே டைட்டானியம் ‘இரும்பைவிட உறுதி’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதற்குப் பொருளில்லை. அது இரும்பைவிட எளிதில் வளையும். அந்த வளைவைச் சரிக்கட்டக் குழாயின் விட்டத்தைக் கூட்டுகிறார்கள். கூட்டிய பிறகும் எடை குறைவாக இருக்கிறது என்பதுதான் அதன் சாமர்த்தியம்.

எவ்வளவு குறைவு? நல்ல எஃகு ஹார்டெயில் சட்டம் இரண்டரைக் கிலோவை ஒட்டி இருந்தால், டைட்டானியச் சட்டம் ஒன்றே முக்கால், இரண்டு கிலோ இருக்கும். வித்தியாசம் அரை முதல் முக்கால் கிலோ, அதாவது ஒரு குப்பித் தண்ணீர். வெறும் எடைதான் குறி என்றால் கார்பன் சட்டம் இதைவிடவும் இலேசு. எடைக்காக டைட்டானியம் வாங்குகிறேன் என்பவர் பாதி வழியில் இறங்கிவிட்ட பயணி.

சொகுசுக் கதை இன்னும் வேடிக்கையானது. டைட்டானியம் சாலையின் அதிர்வை ‘விழுங்கிவிடும்’ என்கிறார்கள். சட்டம் என்பது முக்கோணங்களால் ஆனது. முக்கோணம் செங்குத்தாக அமுங்குவது மிகச் சொற்பம். இரண்டரை அங்குல டயரைக் குறைந்த காற்றழுத்தத்தில் ஓட்டும்போது டயர் அமுங்கும் அளவுக்கு முன்னால் சட்டத்தின் அமுக்கம் கணக்கிலேயே வராது. நீண்டு நிற்கும் மெல்லிய சீட் கம்பி ஒன்று சட்டத்தைவிட அதிகமாக வளைந்துகொடுக்கும். சொகுசு வேண்டுமானால் முதலில் டயரின் காற்றைக் குறைத்துப் பாருங்கள், செலவு ஏதுமில்லை.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அதைத்தான் நான் ஒப்புக்கொள்கிறேன். டைட்டானியத்தை உப்புக் காற்று அரிப்பதில்லை. காற்று பட்டவுடன் அதன் மேல் மெல்லிய ஆக்சைடுத் தோல் ஒன்று படர்கிறது. கீறினாலும் மறுபடி படர்ந்துகொள்கிறது. பெயிண்ட் வேண்டியதில்லை. அதோடு, ஓர் எல்லைக்குட்பட்ட பாரத்தை எத்தனை இலட்சம் முறை ஏற்றி இறக்கினாலும் எஃகைப் போலவே அதுவும் பெரும்பாலும் களைப்பதில்லை. அலுமினியத்துக்கு அப்படியோர் எல்லை கிடையாது. சிறிய பாரமும் அதன் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். எஃகு களைக்காது, ஆனால் துருப்பிடிக்கும். அலுமினியத்தை அப்படித் துரு தின்பதில்லை, ஆனால் அது களைக்கும். இரண்டு குறையும் இல்லாதது டைட்டானியம். திருச்செந்தூர்க் கரையில் குடியிருக்கும் ஒருவருக்கு இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல.

இதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரைபுரண்டது. அத்தகைய வெள்ளத்தில் ஒரு டைட்டானிய வண்டி மூழ்கிக் கிடந்தால் சட்டம் தப்பிவிடும். ஆனால் செயின், பேரிங், போக்ஸ் கம்பி எல்லாம் எஃகுதான். அவற்றைத் துரு விட்டுவைக்காது. துருப்பிடிக்காத சட்டம் என்பதற்குத் துருப்பிடிக்காத சைக்கிள் என்று பொருளல்ல.

*

இந்த உலோகத்தை ஏதோ அயல்நாட்டு அபூர்வம் போலப் பேசுகிறோமே, அது கிடைப்பது எங்கே? 1791இல் வில்லியம் கிரிகோர் என்ற பாதிரியார் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ஓர் ஓடையின் கருமணலில் அதை முதன்முதலில் கண்டறிந்தார். அதே வகைக் கருமணல் மணவாளக்குறிச்சியில் அலையடித்துக் கிடக்கிறது. இல்மனைட் என்ற அந்தத் தாது, இரும்பும் டைட்டானியமும் ஒரே பரலுக்குள் பிணைந்த ஒன்று. நம் தேரிகளிலும் அது உண்டு. செம்மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பவரின் காலுக்குக் கீழே கிடப்பது அவர் ஏங்கும் உலோகம்தான்.

அதை எடுக்கும் வரலாறு இனிமையானதல்ல. சாத்தான்குளம் வட்டாரத்தில் டைட்டானியம் டை ஆக்சைடு ஆலை அமைக்க டாடா நிறுவனம் போட்ட திட்டம், 2007இல் நிலம் கையகப்படுத்தும் பேச்சு எழுந்தபோது கடும் எதிர்ப்பைச் சந்தித்துக் கைகூடாமல் போயிற்று. கடற்கரையில் தனியார் தாதுமணல் அள்ளியது பற்றிய புகார்கள் முற்றி, 2013இல் தமிழக அரசு அதற்குத் தடை விதித்தது. கடலோர ஊர்கள் இதன் பொருட்டு இரண்டாகப் பிளந்து நின்றதை இந்தப் பக்கத்துக்காரர்கள் அறிவார்கள். இவ்வளவு சச்சரவும் உலோகத்துக்காகவா என்றால், இல்லை. உலகில் தோண்டப்படும் டைட்டானியத் தாதுவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெள்ளை நிறமியாகிச் சுவர்ப் பூச்சுக்கும் பிளாஸ்டிக்குக்கும் காகிதத்துக்கும் போய்விடுகிறது. உலோகமாவது எஞ்சிய சொற்பம்.

உலோகமாக்குவது எளிதல்ல என்பதே காரணம். தாதுவைக் குளோரினோடு சேர்த்துத் திரவமாக்கி, அதைக் காற்றுப் புகாத கலத்தில் உருகிய மக்னீசியத்தோடு நாள்கணக்கில் வினைபுரியவிட்டால் கடற்பஞ்சு போன்ற ஒரு பொருள் கிடைக்கும். வில்லியம் குரோல் கண்ட இந்த முறைக்கு மாற்றாக இன்னொன்று பெரிய அளவில் நிலைபெறவில்லை. பிறகு அந்தப் பஞ்சை வெற்றிடத்தில் உருக்கி, உருட்டி, குழாயாக இழுக்க வேண்டும். விண்வெளித் துறையின் உதவியோடு கேரளத்தின் சவறாவில் 2011இல் இத்தகைய பஞ்சு ஆலை தொடங்கப்பட்டது. கொள்ளளவு ஆண்டுக்கு 500 டன். பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்ட எரிபொருள் கலன் டைட்டானியக் கலவையால் ஆனது. அந்தக் கட்டத்தின் எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆக, தாதும் இங்கே, உச்சபட்சப் பயன்பாடும் இங்கே. சைக்கிள் சட்டம் மட்டும் அமெரிக்காவின் டென்னசியிலிருந்தோ சீனத்தின் பாவோஜியிலிருந்தோ கப்பலேறி வர வேண்டியிருக்கிறது.

விலையும் அதற்கேற்ப. சீனத்தில் அளவெடுத்துக் கட்டித் தருவிக்கும் சட்டமே வரியெல்லாம் சேர்ந்து ஒரு இலட்ச ரூபாயைத் தாண்டும். பெயர் பெற்ற அமெரிக்கப் பட்டறையின் சட்டம் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. சக்கரமும் ஃபோர்க்கும் இன்னும் வாங்கவே இல்லை.

*

இவ்வளவுக்குப் பிறகும் வாங்குவதென்று முடிவு செய்தவர் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் அளவு. நம் அப்பாக்கள் காலத்தில் சட்டம் இருபத்திரண்டு அங்குலம், இருபத்துநாலு அங்குலம் என்று இரண்டே அளவு. மனிதன் சட்டத்துக்கு ஏற்பத் தன்னை நீட்டியோ குறுக்கியோ கொண்டான். இத்தனை விலை கொடுப்பவருக்கு அந்தத் தலையெழுத்து வேண்டாம். கையும் முதுகும் காலும் எவ்வளவு நீளம் என்று அளந்து, உட்காரும் இடத்திலிருந்து ஹேண்டில்பார் எவ்வளவு தொலைவு, எவ்வளவு உயரம் என்பதை முடிவு செய்த பிறகே கடைக்காரரிடம் பேச வேண்டும். மற்ற எந்தத் தவறையும் பின்னால் திருத்திக்கொள்ளலாம். சட்டத்தின் நீளத்தைத் திருத்த முடியாது. பொருந்தாத டைட்டானியச் சட்டத்தைவிடப் பொருந்திய இரும்புச் சட்டம் எத்தனையோ மேல்.

அடுத்து கோணம். இன்றைய மலைச் சைக்கிள்களில் முன் ஃபோர்க்கை வெகுவாகச் சாய்த்து வைப்பது நாகரிகமாகியிருக்கிறது. செங்குத்தான இறக்கத்துக்கு அது நல்லது. கால்வாய்க் கரையில் நாற்பது கிலோமீட்டர் மிதிப்பவருக்கு அது முன்சக்கரத்தை அலையவைக்கும். தலைக்குழாயின் கோணம் அறுபத்தேழு, அறுபத்தெட்டுப் பாகைக்குப் பக்கத்தில் இருந்தால் நமக்குப் போதும்.

மூன்றாவது, கிராங்க் சுழலும் கூடு. இதில் மரை வெட்டிய வகை உண்டு. அழுத்திச் செருகும் வகையும் உண்டு. மரை வெட்டியதையே கேட்டு வாங்குங்கள். செருகும் வகைக்குள் தேரிப் பொடி புகுந்தால் முனகத் தொடங்கிவிடும். மரை வெட்டிய வகையின் உலகப் பெயர் என்ன தெரியுமா? பி.எஸ்.ஏ. பர்மிங்ஹாமின் பழைய துப்பாக்கித் தொழிற்சாலை வகுத்த மரை அளவு அது. 1949இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் நம் வீடுகளுக்கு அனுப்பிய பி.எஸ்.ஏ. வண்டியின் பெயரும் அங்கிருந்து வந்ததே. பல இலட்ச ரூபாய் வண்டியின் வயிற்றுக்குள் இன்னும் அந்தப் பெயர் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

நான்காவது, பற்றவைப்பு. டைட்டானியத்தைச் சூடாக இருக்கும்போது காற்று தொட்டால் அது நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். ஆகவே குழாயின் வெளியிலும் உள்ளேயும் ஆர்கான் வாயு நிரப்பிப் பற்றவைக்கிறார்கள். பற்றவைத்த இடம் வெள்ளி நிறத்திலோ இளம் வைக்கோல் நிறத்திலோ இருந்தால் நல்லது. கருநீலமோ சாம்பலோ தட்டினால் அங்கே காற்று புகுந்திருக்கிறது என்று பொருள். மேலே மெருகேற்றி நிறத்தை மறைத்துவிடலாம் என்பதால் குழாயின் உட்புறத்தையும் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். குழாய் 3-2.5 என்று சொல்லப்படும் கலவையாக இருக்க வேண்டும். மூன்று பங்கு அலுமினியமும் இரண்டரைப் பங்கு வனேடியமும் சேர்ந்தது. விமானங்களின் எண்ணெய்க் குழாய்களுக்காக உருவானது இது. 1970களில் கலப்பில்லாத டைட்டானியத்தில் கட்டிய சட்டங்கள் துவண்டன. சில விரிசலும் விட்டன. 1980களின் பிற்பகுதியில் மெர்லின், லைட்ஸ்பீடு போன்ற பட்டறைகள் கலவைக் குழாய்க்கு மாறிய பிறகே இந்த உலோகம் சைக்கிளில் நிலைபெற்றது.

கடைசியாகச் சில்லறை விஷயங்கள். ஆனால் வண்டியின் ஆயுள் இவற்றில்தான் இருக்கிறது. பின் கியரைத் தாங்கும் சிறு காது கழற்றி மாற்றத்தக்கதாக இருக்க வேண்டும். உபரியாக ஒன்றை வாங்கி வைத்துவிடுங்கள். அலுமினிய சீட் கம்பியை டைட்டானியக் குழாய்க்குள் வெறுமனே செருகிவிட்டால் சில வருடங்களில் இரண்டும் ஒட்டிப் பிரியாது. அதற்கென உள்ள பசையைத் தடவி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி மாட்ட வேண்டும். கேரியர் மாட்டத் துளைகள் இருக்க வேண்டும். இன்றைக்கு வேண்டாம் என்று தோன்றும். அறுபது வயதில் வேண்டியிருக்கும்.

*

எஃகின் சார்பில் ஒரு வாதம் உண்டு. அதற்கு முழுமையான பதில் இருப்பதாக நான் நினைக்கவில்லை. எஃகுச் சட்டம் விரிசல் விட்டால் கைத்திறனுள்ள ஒரு கேஸ் வெல்டிங்காரர் பித்தளை ஊற்றிச் சேர்த்துவிடுவார். ஊரில் அப்படி ஒருவரையாவது தேடிப் பிடித்துவிடலாம். டைட்டானியச் சட்டத்தை அவர் தொட்டால் அத்தோடு அது கெட்டது. அதற்கு ஆர்கான் அறை வேண்டும். தூசியற்ற இடம் வேண்டும். அந்த உலோகத்தில் பழகிய கை வேண்டும். அந்தக் கைகள் நம் மாவட்டத்தில் ராக்கெட்டுக்குத்தான் இருக்கின்றன. சைக்கிளுக்கு விரிசல் விட்டால் கட்டிய பட்டறைக்கே திருப்பி அனுப்புவது தவிர வழியில்லை. ஆகவே உத்தரவாதம் எத்தனை வருடம், கப்பல் செலவு யாருடையது என்ற கேள்விகளை எழுத்தில் கேட்டு வாங்குவது சட்டத்தின் கோணத்தைக் கேட்பதற்குச் சமமான முக்கியம்.

இரும்பு இந்தப் படுகைக்குப் புதிதுமல்ல. சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை பின்னால் போகிறது என்று தமிழகத் தொல்லியல் துறை 2025 ஜனவரியில் ஆய்வறிக்கை வெளியிட்டது. ஆதிச்சநல்லூரின் தாழிகளோடு இரும்புக் கருவிகள் கிடைத்து நூறாண்டுகளுக்கு மேலாகிறது. அவ்வளவு காலமாக ஒரு உலோகத்தைக் காய்ச்சவும் அடிக்கவும் ஒட்டவும் தெரிந்த ஊரில், ஒட்டத் தெரியாத உலோகத்தைக் கொண்டுவருகிறோம் என்பது நினைவில் இருக்க வேண்டும். அதனால் கொண்டுவரக் கூடாது என்பதில்லை. கொண்டுவருகிறவருக்குப் பொறுப்பு கூடுகிறது என்கிறேன்.

அந்தப் பொறுப்பை இப்படிச் சொல்லலாம். ஓர் இரும்பு ராலே வண்டி தகப்பனிடமிருந்து மகனுக்குப் போய், அப்புறம் பால்காரருக்குப் போய், முப்பது நாற்பது வருடம் ஓடியது நம் ஊரில் புதுமையல்ல. அந்த வண்டிக்கு டைட்டானியம் என்ற பெயர் இல்லை. எண்ணெய் போடும் வழக்கம் இருந்தது. கடற்கரையைத் தோண்டி, குளோரினில் வேகவைத்து, இத்தனை மின்சாரம் செலவழித்து ஆக்கிய உலோகம் அந்த இரும்பு வண்டி ஓடிய காலமாவது ஓட வேண்டாமா? மூன்றாம் வருடம் புதிய கோணம் வந்துவிட்டது என்று விற்றுவிட்டால், நிரந்தரத்துக்கு விலை கொடுத்து நாகரிகத்தை வாங்கியதாகத்தான் ஆகும்.

ஆகவே வாங்க நினைப்பவர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இரண்டு. இப்போதைய வண்டியை எத்தனை வருடம் வைத்திருந்தேன்? அதில் தேய்ந்ததெல்லாம் தேய்ந்து, சட்டம் மட்டும்தான் குறை என்று சொல்லும் நிலை வந்ததா? முதல் கேள்விக்குப் பத்து என்றும், இரண்டாவதற்கு ஆம் என்றும் பதில் வந்தால் தயங்காமல் டைட்டானியம் வாங்கலாம். இல்லையென்றால் நல்ல குரோமோலி எஃகுச் சட்டம் ஒன்றை வாங்கி, மழைக்காலத்துக்கு முன் குழாய்களுக்குள் எண்ணெய் தடவி, மிச்சப் பணத்தில் நல்ல டயர் போட்டுக்கொள்ளலாம். தேரியில் இரண்டும் ஒரே ஆழத்துக்குத்தான் புதையும்.